அக்கா, சாவி

எங்க காம்பவுண்டுல வீட்டைப் பூட்டுனா சாவியைக் கையோட கொண்டு போற வழக்கமே கிடையாது. பொம்பளையள் அத்தனை பேரும் இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போறவங்க; அங்க வாசல்லயே ஒருத்தி நின்னு தலையிலயிருந்து கால் வரைக்கும் தடவிப் பாத்துத்தான் உள்ள விடுவா, வளையல் ஆகாது, ஊக்கு ஆகாது, சாவி ஆகவே ஆகாது, இறாலுக்குள்ள பொட்டு இரும்பு கெடந்தாலும் கப்பல் ஏறுன சரக்கு அப்படியே திரும்பி வந்துரும்பாவ. ஆம்பளையள் கடலுக்குப் போறவங்க. வீட்டுச் சாவியை மடியில முடிஞ்சிக்கிட்டுக் கடல்ல எறங்குனா வீடும் பின்னாலயே எறங்கிரும்னு அவங்களுக்கு ஒரு பயம். அதனால விடியக்காலம் வலையோட போறவனும் சரி, காலையில கம்பெனி வேனுக்கு ஓடுறவளும் சரி, கேட்டை ஒட்டின முன்வீட்டு ஜன்னல் கம்பிக்குள்ள கையை விட்டு, "அக்கா, சாவி"ன்னு ஒரு குரல் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இருப்போம். பச்சைத் திரைக்குப் பின்னாலயிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கிடும். அது தெக்லா அக்கா கை.

தெக்லா அக்காவுக்குச் சின்னப் பிள்ளையிலயே ஒரு கால் சூம்பிப் போச்சு. கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் இல்ல, வெளியூர் வாசல்னு ஒண்ணும் இல்ல, அந்த ஜன்னல் ஓரத்துல தையல் மெஷினைப் போட்டு ஊர்ச் சேலைக்கெல்லாம் ஃபால்ஸ் அடிச்சே காலத்தை ஓட்டுனாவ. மிஞ்சின ஃபால்ஸ் துணியைக் கிழிச்சு ஒவ்வொரு வீட்டுச் சாவிக்கும் ஒரு நிறத்துல ஒரு துண்டு கட்டி உள்சுவத்து ஆணியில மாட்டி வைப்பாவ. எங்க வீட்டுக்கு மஞ்சள், லூர்தம்மா வீட்டுக்குச் சிவப்பு, ஜெனோவா வீட்டுக்கு நீலம். திருப்பிக் குடுக்கும்போது துணியை அவுத்து ஆணியிலயே போட்டுட்டுச் சாவியை மட்டும் நீட்டுவாவ. "சாவியில்லாம துணி மட்டும் தொங்குனா ஆளு பத்திரமா வந்து வீட்டைத் தொறந்தாச்சுன்னு அர்த்தம், அதைப் பாத்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்" அப்படிம்பாவ.

இன்னொண்ணும் உண்டு. குடுத்த கைக்குத்தான் சாவியைத் திருப்பிக் குடுப்பாவ. இல்ல, குடுக்கும்போதே "இன்னார் வந்தா குடுத்துருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கணும். ஒரு தடவை எவளோ ஒருத்தியோட கொழுந்தன்காரன் வந்து சிரிச்சிப் பேசிச் சாவியை வாங்கி, வீட்ல இருந்த பொட்டு பொடியெல்லாம் வழிச்சிக்கிட்டுப் போனதுலயிருந்து இந்தக் கறார். பிஷப்பே வந்து கேட்டாலும் கிடையாது. ஒரே ஒரு விதிவிலக்கு, அதைச் சொல்லும்போது இப்பவும் எனக்கு மேலு சிலுக்குது: லூர்தம்மா புருஷன் காலையில சாவியைக் குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு நெஞ்சுவலின்னு நடந்தே போனாவ, மத்தியானம் லூர்தம்மா கேட்டைத் தாண்டும்போது அக்கா அவளைக் கூப்பிட்டு, கேக்காமலே புருஷன் சாவியை அவ கையில வச்சாவ. லூர்தம்மா சாவியைப் பாத்தா, அக்கா மொகத்தைப் பாத்தா, அப்படியே தரையில உக்காந்து மாரடிச்சா. ஆஸ்பத்திரியிலயிருந்து ஆள் வந்தது அதுக்கப்புறந்தான். செத்தவன் சாவி பொண்டாட்டிக்குன்னு அன்னைக்குத்தான் எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுது.

அப்படியாப்பட்ட தெக்லா அக்கா தவக்காலத்துல ஒரு நாள் மெஷின் மேல தலையைச் சாச்சவிய எந்திரிக்கவே இல்ல. ஊரே அழுதுச்சு, கல்லறையில கொண்டு வச்சோம், மறுநாள் காலையில வேன்காரன் ஹாரனைப் போட்டு உயிரை எடுக்கான், நான் ஒரு கையில தூக்குவாளியும் ஒரு கையில சாவியுமா ஓடுதேன், பழக்க தோஷம் பாருங்க, ஜன்னலுக்குள்ள கையை விட்டு "அக்கா, சாவி"ன்னேன், வாங்கிக்கிட்டாவ, நான் ஓடிப்போய் வேன்ல ஏறி உக்காந்து, பாலத்தைத் தாண்டுன பொறவுதான் நேத்து நம்மதான அந்தக் குழிக்குள்ள கைப்பிடி மண்ணைப் போட்டோம்னு நெனப்பு வந்துச்சு. அன்னைக்கு முழுக்க நான் உரிச்ச இறாலுக்குத் தலை எது வாலு எதுன்னு தெரியல. சாயங்காலம் வந்து, வேற என்ன செய்ய, கூசிக்கூசிக் கையை நீட்டி "அக்கா, சாவி"ன்னேன். ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்த விரலு என் உள்ளங்கையில பட்டுச்சு, சூடும் இல்ல, குளிரும் இல்ல, மெஷின் எண்ணெ வாசம் அடிச்சுச்சு, சாவி வந்துச்சு. மஞ்சத் துணி இல்ல.

யாருகிட்டச் சொல்ல? சொன்னா "வேலுக்கனிக்குப் பித்தம் தலைக்கேறிப் போச்சு"ம்பாளுவ. ஆனா லூர்தம்மா என் மூஞ்சியைப் பாத்துட்டு, "ஒனக்கும் குடுத்தாவளா?"ன்னு மெள்ளக் கேட்டா. அவளும் காலையில குடுத்திருக்கா. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தியா வாயைத் தொறந்தாளுவ. ரெண்டு மூணு நாளு பயந்துக்கிட்டுத்தான் இருந்தோம், பிள்ளையளை அந்தப் பக்கம் விடல, சாவியை முந்தானையில முடிஞ்சிக்கிட்டுப் போய்க் கம்பெனி வாசல்ல தடவிப் பாக்கிறவகிட்ட ஏச்சு வாங்குனோம். அம்புட்டுத்தான். பயத்தைப் பாத்தா பொழப்பு நடக்குமா? மறுவாரமே ஜன்னல்ல வரிசை நின்னோம்.

பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிச்சி மந்திரிச்சாவ. "இறந்தவங்களுக்கு வேலை வைக்காதீங்கம்மா, இளைப்பாற விடுங்க"ன்னாவ. "சாமி, அவியளுக்குச் சும்மா இருக்கப் பிடிக்காது சாமி"ன்னோம். சாமியாருக்குச் சிரிப்பு வந்துட்டு, அடக்கிக்கிட்டுப் போனாவ. கொஞ்ச நாள் கழிச்சுக் கோயில் வேலை பாக்கிற கோயில்பிள்ளை வெளியூர் போகும்போது பூசைச்சாமான் அறைச் சாவியை இங்கதான் குடுத்துட்டுப் போனாரு. வீட்டு ஓனர் அக்கா இருந்த முன்வீட்ல புதுசா ஒரு குடும்பத்தைக் குடிவச்சாரு. அந்தப் பொண்ணு பாவம், வாரம் தாங்கல, "நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு ஆளு எந்திரிச்சு ஜன்னல்ல உக்காந்திருக்கு, நான் எங்க உக்காந்து தலை சீவுறது?"ன்னு சொல்லிட்டுச் சட்டி பானையைக் கட்டிட்டா. அதுக்குமேல ஓனரும் வாடகைக்கு விடல. வீட்டைப் பூட்டி, அந்தச் சாவியையும் ஜன்னல்லயே குடுத்துட்டுப் போனாருன்னா பாத்துக்கிடுங்க.

ஞாயித்துக்கிழமை ஒரு கிண்ணத்துல மீன் குழம்பு வைப்போம், கிண்ணம் கழுவி வெளிய வரும். நான் ஒரு தடவை ஆசையில புதுச் சேலையும் ஃபால்ஸும் வச்சிப் பாத்தேன். தொடவே இல்ல. சாவி மட்டுந்தான். வீட்டுச் சாவியைத் தொலைச்சவனெல்லாம் அடுத்த தெருவுலயிருந்து, அதுக்கு அடுத்த ஊர்லயிருந்து, கேள்விப்பட்டு வந்து நின்னான். அக்காகிட்டக் குடுக்காத சாவியை அக்கா எங்கயிருந்து தருவாவ? வெறுங்கையோட போனான். ஆனா ஒரு பொம்பளை வந்தா, எப்பவோ எங்க காம்பவுண்டுல கிணத்தடி வீட்ல குடியிருந்தவளாம், அந்த வீட்டை இடிச்சுத் தண்ணித்தொட்டி கட்டி எத்தனையோ காலம் ஆகுது, அவ விளையாட்டுக்குக் கையை நீட்ட, அந்த வீட்டுச் சாவி வந்து விழுந்துச்சு. தொட்டிக்கிட்டப் போய் அதைப் பிடிச்சிக்கிட்டு நின்னு அழுத அழுகை இருக்கே. முனை திரும்புற எடத்துல கடை போட்டிருக்கிற சாவிக்கார காசிம் பாய்தான் பாவம், "எம்மா, எம் பொழப்பைக் கெடுக்காதீங்கம்மா"ன்னு ஜன்னலைப் பாத்துச் சண்டை போட்டுட்டு, போகும்போது தன் கடைச் சாவியைக் குடுத்துட்டுப் போனாரு.

இப்படி ஊரே கையை நீட்டுன ஜன்னல்ல கையை நீட்டாத ஒருத்தி இருந்தா. அவதான் ஜெனோவா. எனக்கு அடுத்த வீடு.

அவ புருஷன் சந்தியாகு நல்ல பையன். குடி கிடையாது, கூத்து கிடையாது, சாப்பிடும்போது மீன் முள்ளை வட்டில் ஓரத்துல ஒண்ணு பக்கத்துல ஒண்ணா அடுக்கி வைப்பான், "பூ கட்டப் போறியாடே"ன்னு நாங்க கேலி பண்ணுவோம். ஜெனோவா பிரசவத்துக்கு வேம்பாத்துக்குத் தாய்வீடு போயிருந்த சமயம், அவன் ஒரு விடியக்காலம் வீட்டைப் பூட்டி, தெக்லா அக்கா உயிரோட இருந்தப்ப, அக்கா கையில சாவியைக் குடுத்துட்டுக் கடலுக்குப் போனான். வள்ளம் திரும்பல. ஆளும் திரும்பல. பலகை ஒண்ணு கூடக் கரை சேரல. கைப்பிள்ளையோட ஜெனோவா வந்து வீட்டுச் சாவியைக் கேட்டா, அக்கா கண்ணுல தண்ணியோட, "ஏட்டி, அவன் கையிலதான் குடுப்பேன்"னுட்டாவ. நாங்கெல்லாம் என்ன இது அநியாயம்னு கத்துனோம். ஜெனோவாவுக்குக் கோவமே இல்ல. லூர்தம்மாவுக்குக் குடுத்தவிய நமக்குக் குடுக்கலன்னா அவன் சாகலன்னு அவ பிடிச்சிக்கிட்டா. அவ அண்ணன்காரன் இஞ்ஞாசிதான் வேம்பாத்துலயிருந்து வந்து, சுத்தியலால கொண்டியை அடிச்சுப் பேத்து எறிஞ்சிட்டுப் புதுக் கொண்டி, புதுப் பூட்டு, புதுச் சாவின்னு மாட்டிக் குடுத்துட்டுப் போனான். பேத்த கொண்டியோட பூட்டுனபடியே கெடந்த பழைய பூட்டை ஜெனோவா எடுத்துத் துடைச்சு மாதா படத்துக்குக் கீழ வச்சா.

அக்கா செத்து, கை வர ஆரம்பிச்சப்புறம் எல்லாரும் அவளை நச்சரிச்சோம். கேளுட்டி, சந்தியாகு சாவியைக் கேளு, கையில விழுந்துச்சுன்னா அவன் இல்லன்னு அழுது தீத்துரு, விழலன்னா எங்கயோ உசுரோட கெடக்கான்னு காத்திரு. அவ மாட்டேன்னுட்டா. அந்த ஜன்னலைத் தாண்டவே மாட்டா, பின்பக்கம் சாக்கடையைத் தாண்டிக் குதிச்சுப் போவா, புதுப் பூட்டுச் சாவியைக் கொண்டைக்குள்ள ஒளிச்சு வச்சுக் கம்பெனிக்குக் கொண்டு போய், ஒரு நாள் அகப்பட்டு, வேலை போகத் தெரிஞ்சுது, நாங்கெல்லாம் காலைப் பிடிக்காத கொறையா நின்னு காப்பாத்துனோம். "ஏன்ட்டி இப்படிச் செய்த?"ன்னு நான் ஏசுனேன். "கேட்டு, சாவி கையில விழுந்துட்டா நான் என்ன செய்வேன் மைனி? இப்ப விளக்குப் பொருத்துற நேரம் வாசலைப் பாக்கிறதுக்காவது ஒரு நெனப்பு இருக்கு"ன்னா. அப்புறம் நான் கேக்கல.

அந்தப் புதுப் பூட்டு வந்த நேரமோ என்னமோ, அதுவும் அவளைப் படுத்தி எடுத்துச்சு. அந்த வருஷம் மாதா கோயில் தேரு அன்னைக்குக் காம்பவுண்டே காலி, பூனைக்குட்டி கூடத் தெருவுல இல்ல, எல்லாரும் வடம் பிடிக்கப் போயிட்டோம். திரும்பி வந்து பாத்தா ஜெனோவா வீட்டுப் பூட்டுல சாவி நுழைய மாட்டேங்குது. காசிம் பாயைக் கூட்டியாந்தோம். அவரு பூட்டைக் கவுத்து ரெண்டு தட்டுத் தட்டுனாரு, ஒரு வாய் தண்ணி ஊத்துச்சு, ஈர மணலு கொட்டுச்சு, கூடவே பொடிச்சிப்பி ஒண்ணு. "யாரோ வேற சாவியைப் போட்டு ரொம்ப நேரம் மல்லுக்கட்டியிருக்காங்கம்மா, சுத்தி எப்படிக் கீறியிருக்கு பாருங்க"ன்னாரு. எல்லாம் இந்தப் பிள்ளையள் செஞ்ச சேட்டைதான்னு எம் பையனைப் பிடிச்சு நாலு சாத்துச் சாத்துனேன். அவன் நான் இல்ல, நான் இல்லன்னு கத்துனான். பாய் எண்ணெ விட்டுக் குடுத்துட்டுப் போனாரு, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

கிறிஸ்மஸுக்கு முன்னாடி இஞ்ஞாசி வந்தான். வேம்பாத்துல ஒரு எடம் வந்திருக்கு, பொண்டாட்டி செத்தவரு, தங்கமான மனுஷன், பிள்ளை ஸ்டெல்லாவையும் ஏத்துக்கிடுதேங்காரு. ஆனா முதப் புருஷன் இருக்கானா இல்லையான்னு தெரியாம எந்தச் சாமியாரு மந்திரிப்பாரு? "கேட்டுருட்டி. எங்கண்ணு முன்னால கேளு. சாவி கிடைக்கலன்னா இனிமே நான் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன், மாதா மேல ஆணை"ன்னான். ஜெனோவா அன்னைக்கு எதுத்துப் பேசல. பிள்ளையைத் தூக்கி என் இடுப்புல வச்சா. தலையை அள்ளி முடிஞ்சா. மத்தியான வெயில்ல, காம்பவுண்டு மொத்தமும் பின்னால வர, அந்த ஜன்னலுக்கு முன்னால போய் நின்னா. கையை நீட்டுனா, இன்னொரு கையால அதைப் பிடிச்சிக்கிட்டா.

"அக்கா, அவிய சாவி."

பச்சைத் திரை அசையல. உள்ள ஆணியை ஒண்ணொண்ணாத் தடவுற சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தம் அத்தனை நேரம் கேட்டு நான் பாத்ததில்ல. அப்புறம் நின்னுச்சு. ஜெனோவா கையில என்னமோ விழுந்துச்சு. சாவி விழுந்தா கிணுக்குன்னு ஒரு சத்தம் வரும்ல, வரல. அவ விரலை விரிச்சா. நீலத் துணி. வெறும் துணி.

"சாவி இல்ல! சாவி வரல!"ன்னு லூர்தம்மா கூவுனா, பின்னால நின்னவளுவ குலவை போட்டாளுவ, இஞ்ஞாசி சிலுவை போட்டுக்கிட்டான். ஆனா ஜெனோவா மட்டும் அந்தத் துணியைப் பாத்துக்கிட்டு நின்னா, பாத்துக்கிட்டே நின்னா, குலவை ஒவ்வொரு வாயா அடங்குச்சு, அப்பத்தான் எங்களுக்கும் உறைச்சுது. துணியை அக்கா எப்ப அவுப்பாவ? சாவியைக் குடுக்கும்போதுதான அவுப்பாவ. குடுத்தாச்சு. குடுத்த கைக்கே குடுத்தாச்சு.

"தேரு அன்னைக்கு மைனி"ன்னா ஜெனோவா. "பூட்டுக்குள்ள மணலு வந்துச்சே. அவிய வந்திருக்காவ. ஜன்னல்ல சாவியை வாங்கிக்கிட்டு வீட்டுக்குத்தான் வந்திருக்காவ. சொந்த வாசல்ல நின்னு சாவியைப் போட்டுப் போட்டுப் பாத்திருக்காவ." அதுக்கப்புறம் அவ சொன்னதுதான் என் காதுலயே கெடக்கு. "நம்ம பூட்டை மாத்திட்டமே மைனி. தனக்கு இங்க எடமில்லன்னு நெனச்சிருப்பாவளே." ஐயோ, அவ கத்துன கத்தலுக்குக் காம்பவுண்டுக் கேட் மேல உக்காந்திருந்த காக்கா கூடப் பறந்து போச்சு. கொண்டியைப் பேத்த இஞ்ஞாசி ரெண்டு கையையும் பாத்துக்கிட்டு அப்படியே சாக்கடை ஓரத்துல உக்காந்துட்டான்.

அவன் உசுரோட வந்தானா, வேற மாதிரி வந்தானான்னு காம்பவுண்டு ரெண்டாப் பிரிஞ்சு பேசுச்சு. உசுரோட வந்தா கோயில் பக்கம் ஒருத்தர் கண்ணுலயாவது படாமலா போவான்? செத்தவன்னா சாவி ஜெனோவாவுக்குல்ல வந்திருக்கணும்? பேசுனோம், பேசுனோம், ஒண்ணும் கூடி வரல. ஜெனோவாவுக்கு அந்தப் பேச்சே வேண்டாம். மறுநாளே காசிம் பாயைக் கூப்பிட்டா. மாதா படத்துக்குக் கீழ இருந்த பழைய பூட்டை எடுத்து நீட்டி, "இதைத் திரும்ப மாட்டிக் குடுங்க பாய்"னா. "இதுக்குச் சாவி இல்லையேம்மா. ஒரு நிமிஷம் குடு, நான் புதுசா ஒண்ணு ராவிக் குடுத்துருதேன்"னாரு. "வேண்டாம் பாய். அவியகிட்ட ஒண்ணு இருக்குல்லா"ன்னா. பாய் என் மூஞ்சியைப் பாத்தாரு, நான் தரையைப் பாத்தேன். வெல்டிங்காரனைக் கூட்டியாந்து, பூட்டுனபடியே இருந்த பூட்டைச் சுத்திக் கொண்டியைப் பத்தவச்சு, கதவை அடைச்சு மாட்டிக் குடுத்துட்டுப் போனாரு.

உடுத்துன துணியும் பிள்ளையுமா ஜெனோவா என் வீட்டுக்கு வந்தா. எம் புருஷன் மூஞ்சியைச் சுளிச்சாரு, நான் ஒரு பார்வை பாத்தேன், வெளிய படுத்துக்கிட்டாரு. ஒரே ஒரு அறை, அதுல எங்க பட்டாளம், அதுக்கு நடுவுல இவங்க ரெண்டு பேரு, கால் நீட்டுனா யாராவது ஒரு பிள்ளை மேல படும். கம்பெனியிலயிருந்து வந்ததும் போய்த் தன் வீட்டு வாசலைக் கூட்டிக் கோலம் போட்டு, பூட்டை முந்தானையால துடைச்சு, பித்தளையில மொகம் தெரியுற வரைக்கும் துடைச்சு, அப்புறந்தான் வந்து ஒரு வாய் காப்பி குடிப்பா. பூட்டுன வீட்டுக்கு வெளிய ஒருத்தி குடியிருக்கான்னு ஊரு சிரிச்சுது. எனக்கும் சில நாள் ஆத்திரம் வரும், "அந்தப் பூட்டையே கட்டிக்கிட்டு அழு"ன்னு ஏசிருவேன், ஏசிட்டு நானே அழுவேன்.

கிறிஸ்மஸ் போச்சு, ஈஸ்டர் போச்சு. தேருக்குக் கொடி ஏறுன அன்னைக்கு இஞ்ஞாசி வந்து கறாராச் சொல்லிட்டான். "வேம்பாத்துக்காரரு இனிமே பொறுக்க மாட்டாரு. தேரு நிலைக்கு வந்த அன்னைக்குச் சாயங்காலம் நான் இந்தப் பூட்டை ஒடைப்பேன். சட்டி சாமானை ஏத்துவேன். ஒன்னையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போவேன்." ஜெனோவா தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "தேரு நிலைக்கு வாற வரைக்கும் குடு அண்ணே"ன்னா. "அதுக்கு மேல கேக்க மாட்டியே?" "கேக்க மாட்டேன்."

தேரு அன்னைக்கு நாங்க எல்லாரும் கிளம்புனோம். சாவியெல்லாம் ஜன்னல்ல குடுத்தாச்சு. ஜெனோவா வரல, ஸ்டெல்லாவை என் இடுப்புல ஏத்திவிட்டுட்டுத் தன் வீட்டு வாசப்படியில போய் உக்காந்தா. "போன தேருக்கு அவிய வந்தப்ப வீட்ல ஒரு ஆளு இல்ல மைனி"ன்னா. மீன்காரிகிட்ட விளமீன் வாங்கி வச்சிருந்தா. அதை எங்க வச்சுக் காய்ச்சப் போறான்னு நான் கேக்கல. எனக்கு மாதாவைப் பாக்கவே மனசு ஓடல, வடத்தைத் தொட்டுக் கும்பிட்டு, கூட்டத்துல நசுங்கி, பிள்ளைக்கு ஒரு காத்தாடி வாங்கிக் குடுத்து, தேரு நிலைக்கு வந்ததும் ஓட்டமும் நடையுமா வாறேன், பக்கத்துலயே இஞ்ஞாசி சுத்தியலோட வாறான்.

வாசப்படியில ஜெனோவா இல்ல. படியெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு. கதவு ஒருக்களிச்சுச் சாத்தியிருக்கு. பழைய பூட்டு வாயைத் தொறந்து கொண்டியில தொங்குது, அதுக்குள்ள சாவி, துருப்பிடிச்சுக் கறுத்துப் போய், சொட்டுச் சொட்டாத் தண்ணி வடிச்சிக்கிட்டு. உள்ளயிருந்து மீன் குழம்பு வாசம் வந்துச்சு.

நான்தான் கதவைத் தள்ளுனேன். அடுப்பு எரியுது. ஜெனோவா தலைக்குப் பூ வச்சிருந்தா. தரையில ரெண்டு வட்டில், ஒண்ணுல அவ பாதி சாப்பிட்டு வச்சிருக்கா, இன்னொண்ணு காலி, ஓரத்துல முள்ளு ஒண்ணு பக்கத்துல ஒண்ணா அடுக்கியிருக்கு. சுவரு ஓரமா விரிச்ச பாயில ஒரு ஆளு நீளத்துக்கு ஈரம். தலையணை குழிஞ்சிருக்கு. ஆளு இல்ல. நான் வாயைத் தொறக்கப் போனேன், ஜெனோவா விரலை உதட்டுல வச்சா.

"சத்தம் போடாதிய மைனி. இப்பத்தான் கண்ணசந்தாவ."

இஞ்ஞாசி அசையாம நின்னான். அப்புறம் குனிஞ்சு, சுத்தியலை மெதுவா, தரையில சத்தம் வராம வாசலுக்கு வெளிய வச்சான். செருப்பைக் கழட்டுனான். துண்டைத் தோள்லயிருந்து எடுத்துக் கையில பிடிச்சிக்கிட்டு, கிசுகிசுன்னு கேட்டான்: "மாப்ள எப்ப வந்தாவ?"

"தேரு கிளம்புற வேட்டுச் சத்தம் கேக்கவும்"னா ஜெனோவா. "ரொம்ப அசதியா இருந்தாவ. சாவி சுத்துனதும் பூட்டு தொறந்துட்டு அண்ணே, ஒரு கஷ்டமும் இல்ல."

அப்பன் மூஞ்சியே பாக்காத பிள்ளை ஸ்டெல்லா என் இடுப்புலயிருந்து வழுக்கி எறங்கி, போய் அந்தப் பாய் ஓரத்துல உக்காந்து, காத்தாடியைத் தலையணைக்கிட்டப் பிடிச்சா. அந்த அறையில ஃபேன் இல்ல, ஜன்னல் சாத்தியிருக்கு. காத்தாடி கொஞ்சம் சுத்துச்சு, நின்னுச்சு. திரும்பக் கொஞ்சம் சுத்துச்சு, நின்னுச்சு. தூங்குறவன் மூச்சு விடுற கணக்கா. நாங்க ரெண்டு பேரும் பின்னால காலை வச்சு வெளிய வந்து கதவைச் சாத்துனோம்.

காம்பவுண்டுல அன்னைக்கு யாரும் சத்தமாப் பேசல, பாத்திரத்தைக் கூட மெதுவா வச்சாளுவ. இஞ்ஞாசி வேம்பாத்துக்குத் தனியாப் போனான், அவன் கொண்டுவந்த வேன்ல சாமான் ஏறல. ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரல, என் வீட்டு அறை பெருசாப் போன மாதிரி இருந்துச்சு, சந்தோசப்படுறதா பயப்படுறதான்னு தெரியாம அழுதுக்கிட்டே கெடந்தேன். பக்கத்து வீட்ல விடியுறதுக்கு முன்னாடியே கதவு தொறக்குற சத்தமும், ஜெனோவா "பாத்துப் போய்ட்டு வாங்க"ன்னு சொல்லுற சத்தமும் கேட்டுச்சு.

காலையில வேன்காரன் வழக்கம்போல ஹாரனைப் போட்டு உயிரை எடுக்கான். நான் சாவியும் தூக்குவாளியுமா ஓடுதேன். எனக்கு முன்னால ஜன்னல்ல ஒருத்தி நிக்கா, தலையில நேத்து வச்ச பூ வாடாம இருக்கு. பின்பக்கச் சாக்கடையைத் தாண்டாம, நிமிந்து, முன்வழியா வந்து நிக்கா. துருப்பிடிச்ச சாவியில அந்த நீலத் துணியை அவளே முடிச்சுப் போட்டுக் கம்பிக்குள்ள நீட்டுனா. உள்ளயிருந்து கை வந்து வாங்குச்சு. ஜெனோவா கம்பியில நெத்தியை வச்சு, தினமும் நாங்க எல்லாரும் சொல்லுற அதே பேச்சைச் சொன்னா.

"அக்கா, சாவி. அவிய வந்தா குடுத்துருங்க."